மாசி 135 பின்சக்கரத்துக்குப் பாரம்: தண்ணீரா, இரும்பா?

பழைய மாசி பெர்குசன் 135 டிராக்டரில் செம்பனைக் குலை இழுக்கிறவர்களுக்கு மழைக்காலம் வந்தால்தான் இந்தக் கேள்வி வரும். வண்டியே சுமார் ஒன்றரை டன்தான். பின்னால் ட்ரெய்லர் நிறையக் குலை. தெலுக் இந்தான் பக்கத்துக் களிமண் ஊறிவிட்டால் பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். பாரம் ஏற்றியாக வேண்டும். டயருக்குள் தண்ணீர் விடலாம், அல்லது சக்கரத்தில் வார்ப்பிரும்புத் தட்டு மாட்டலாம். நான் இரும்புக்குப் போனேன்.

தண்ணீர் மலிவு, அதில் பேச்சே இல்லை. வால்வை உச்சியில் வைத்து அந்த மட்டம் வரை விட்டால் டயரில் முக்கால் பங்கு நிறையும், மீதி காற்று. முழுக்க நிரப்பக் கூடாது. தண்ணீர் அமுங்காது, டயர் கல்லாகிவிடும். 12.4-28 டயர் என்றால் ஒன்றுக்குச் சுமார் 150 லிட்டர், இரண்டும் சேர்ந்து 300 கிலோ. குளிர் நாடுகளில் உறையாமல் இருக்கக் கால்சியம் குளோரைடு கலப்பார்கள். நமக்கு அந்தக் கவலை கிடையாது. எடை கூடும் என்று இங்கேயும் கலக்கச் சொல்கிறவர்கள் உண்டு. வேண்டாம், கசிந்தால் ரிம்மை அரித்துவிடும்.

டயர் பஞ்சர் ஆகாத வரைக்கும் தண்ணீரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நாம் ஓட்டுவது செம்பனைத் தோட்டத்தில். மட்டையை வெட்டி நிரைக்கு நடுவில் ஒழுங்காக அடுக்கினாலும், முள்ளோடு நாலு துண்டு பாதையில் கிடக்கத்தான் செய்யும். காற்று மட்டும் உள்ள டயரைக் கழற்றி, டியூபை ஒட்டி, அன்றைக்கே மாட்டிவிடலாம். தண்ணீர் டயரை ஜாக்கியில் தூக்கி, வால்வைக் கீழே திருப்பி வடியவிட்ட பிறகுதான் அசைக்கவே முடியும். மறுபடி நிரப்ப, தண்ணீர் உள்ளே போகும்போதே காற்றை வெளியே விடும் தனி வால்வு முனை வேண்டும். லோரி டயரே பார்த்துப் பழகிய கடையில் அது இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அதைவிட மோசம், பஞ்சர் என்றே தெரியாத சின்னக் கசிவு. டியூபுக்கும் ரிம்முக்கும் நடுவில் ஈரம் தங்கிவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. துரு பெரும்பாலும் வால்வு ஓட்டையைச் சுற்றித்தான் ஆரம்பிக்கும். 1964-இல் வந்த மாடலுக்கு நல்ல ரிம் கடைக்குப் போனதும் கிடைக்கிற சாமான் இல்லை. வண்டியை விற்கும்போதும், விவரம் தெரிந்த ஆள் எஞ்சினுக்கு முன்னால் அந்த ஓட்டையைத்தான் குனிந்து பார்ப்பார். இரும்புத் தட்டு துருப்பிடித்தால் என்ன, தேய்த்துச் சாயம் பூசினால் போதும். வண்டியோடு விற்கலாம், தனியாகவும் விற்கலாம்.

இரும்பிலும் தொல்லை உண்டு. காசு அதிகம், பழைய இரும்புக் கடைகளில் அலைய வேண்டும், மாட்ட இரண்டு பேர் வேண்டும். மாட்டிக் கொஞ்ச நேரம் ஓட்டியதும் நட்டுகளை மறுபடி முறுக்க வேண்டும். கிடைக்காவிட்டால் வார்ப்புப் பட்டறையில் கேட்டுப் பார்க்கலாம். சிமெண்டில் வார்க்கிறவர்களும் உண்டு. ஆனால் கான்கிரீட்டின் அடர்த்தி இரும்பில் மூன்றில் ஒரு பங்குதான். அதே எடைக்கு மூன்று மடங்கு பருமன் வரும், வெளியே துருத்தி மரத்தில் உரசும்.

எனக்குப் பிடித்ததே, வெயில் காலத்தில் இரும்பைக் கழற்றி வைத்துவிடலாம் என்பதுதான். வேண்டாத பாரம் டீசலைக் குடிக்கும், மண்ணை இறுக்கும். பிடிப்பு அதிகமானால் பழைய கிளட்ச்சும் கியரும்தான் அந்த இழுப்பைத் தாங்க வேண்டும். இழுக்கும்போது பின்சக்கரம் 10 முதல் 15 சதவீதம் வழுக்குவது நல்லது. துளியும் வழுக்காமல் இழுத்தால் பாரம் கூடிப்போச்சு என்று அர்த்தம். அந்த மாதிரி வண்டி புதைந்து கிடக்கும்போது முறுக்கினால் முன்சக்கரம் தூக்கும், ஜாக்கிரதை.

முள் இல்லாத சமதரையில் புல் மட்டும் வெட்டுகிறவருக்குத் தண்ணீரே போதும், இரும்புக்குச் செலவு செய்யச் சொல்லமாட்டேன். பீட் மண்ணில், அதாவது செடிகொடி மக்கிய சதுப்பு மண்ணில், நான் ஓட்டியதில்லை. அங்கே வண்டி புதைவதுதான் பிரச்சினை என்பதால், பாரம் ஏற்றுமுன் அங்கே ஓட்டுகிறவர்களைக் கேளுங்கள்.

இரும்பு வாங்கப் போகிறவர்கள் உங்கள் வண்டிச் சக்கரத்தில் உள்ள ஓட்டைகளின் இடைவெளியை அட்டையில் வரைந்து எடுத்துக்கொண்டு போங்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், போல்ட் சேராது.