பாதைத் தகராறில் கைகொடுத்தது எது? அரசின் இரண்டு நில ஆவண இணையதளங்கள்: ஒரு மதிப்பீடு

பெரம்பூரில் என் அத்தையின் வீடு பின்மனையில் இருக்கிறது. தாத்தாவின் மனை பாகம் பிரிந்தபோது பின்பாதி அத்தைக்கு வந்தது. முன்பாதி சித்தப்பாவுக்குப் போய், பிறகு விற்கப்பட்டு, இப்போது வேறொரு குடும்பத்திடம் இருக்கிறது. தெருவுக்கு வர அத்தைக்கு உள்ள ஒரே வழி, முன்வீட்டுப் பக்கச் சுவரை ஒட்டிய 3 அடிச் சந்துதான். அதற்குக் கேட் போட்டுப் பூட்டப் போவதாக முன்வீட்டுக்காரர் சொன்ன பிறகு, வருவாய்த் துறையின் 'எங்கிருந்தும் எந்நேரத்திலும்' மின்சேவைத் தளத்தையும் பதிவுத் துறையின் தளத்தையும் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறேன். இதே சிக்கலில் இருப்பவர்களுக்கு எது எந்த அளவுக்குப் பயன்படும் என்பதை விரிவாகச் சொல்வது அவசியம் என்று நினைக்கிறேன்.

வருவாய்த் துறைத் தளத்தில் மாவட்டம், வட்டம், வார்டு, பிளாக், நகர அளவை எண் ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்து, கைபேசிக்கு வரும் ஓடிபியைக் கொடுத்தால், யார் பெயரில் எவ்வளவு பரப்பு இருக்கிறது என்பதை வீட்டிலிருந்தே பார்த்துவிடலாம். தாலுகா அலுவலகத்துக்கு அலையாமல் இவ்வளவு கிடைப்பது, வயதானவர்களுக்கு உண்மையிலேயே பெரிய உதவி. எல்லைத் தகராறு என்றால் முதலில் இங்கே தொடங்குவதே சரி.

ஆனால் பாதைத் தகராறு வேறு. முன்வீட்டுக்காரர் இதே தளத்தில் எடுத்த வரைபடத்தைக் காட்டி, "சார், என் மனை முழுசா என் பேர்ல இருக்கு, படத்துல சந்துன்னு ஒண்ணு எங்கேயும் இல்லையே" என்று கேட்டார். அவர் சொன்னதில் பொய் ஏதும் இல்லை. சந்தின் மண் அவருடையது. அதன் மேல் நடந்து வந்து போகும் உரிமை மட்டுமே அத்தையுடையது. நில அளவை வரைபடம் மண்ணின் எல்லையைக் காட்டுவதற்காக வரையப்பட்டது. ஒருவர் மனையில் இன்னொருவருக்கு உள்ள நடைபாதைப் பாத்தியத்தை அது காட்டாது, பட்டாவும் காட்டாது. தளத்தில் இதை விளக்கி ஒரு வரி இருந்திருந்தால், எத்தனையோ தெருக்களில் அந்தப் படத்தையே இறுதித் தீர்ப்பு போல் நீட்டிச் சண்டை பிடிப்பது குறையும்.

அளவுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் வரைபடத்தில் எல்லாம் மீட்டரில், ஒரே ஒரு தசம இடத்தோடு இருக்கின்றன. அதாவது ஒவ்வொரு அளவிலும் 5 சென்டிமீட்டர், ஏறத்தாழ 2 அங்குலம், கூடவோ குறையவோ இருக்கலாம். விளைநிலத்துக்கு அது ஒன்றுமில்லை. 3 அடிச் சந்தில் 2 அங்குலம் போனால் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்கும்போது முழங்கை சுவரில் உரசும்.

எங்களுக்கு உண்மையில் கைகொடுத்தது பதிவுத் துறைத் தளம். வில்லங்க விவரத்தை, அதாவது ஒரு சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியலை, அங்கே இலவசமாகப் பார்க்கலாம். அதில் கிடைத்த ஆவண எண்ணை வைத்து, கட்டணம் செலுத்தி, பாகப்பிரிவினைப் பத்திரத்தின் சான்றிட்ட நகலைப் பெற்றோம். சொத்து விவரத்தில் நான்கெல்லைகளும் அளவுகளும் முடிந்த பிறகு, கடைசி வரியில், தெருவிலிருந்து பின்மனைக்கு வந்து போக 3 அடி அகல நடைபாதைப் பாத்தியமும் சேர்ந்தது என்று தெளிவாக எழுதியிருக்கிறது. முன்மனை பின்னர் கைமாறியபோது எழுதிய கிரயப் பத்திரத்தில் அந்த வரி விடுபட்டிருக்கிறது. தகராறின் வேர் அதுதான்.

சென்னைச் சொத்துகளைத் தேடுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய பத்திரங்களில் ஓ.எஸ். எண் (பழைய அளவை எண்), ஆர்.எஸ். எண் (மறு அளவை எண்), பழைய கதவு எண் என்று பல எண்கள் இருக்கும். இன்றைய எண்ணை மட்டும் கொடுத்துத் தேடினால் பழைய பதிவுகள் கண்ணில் படாமல் போகலாம். ஒவ்வொரு எண்ணையும் தனித்தனியாகக் கொடுத்துத் தேட வேண்டும். மிகப் பழைய ஆண்டுகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு நேரில்தான் போக வேண்டும்.

பத்திரத்தில் வரி இல்லாதவர்களுக்கு இந்தத் தளமும் உதவாது. நீண்டகாலப் பயன்பாட்டால் வரும் உரிமை எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம், வழக்கறிஞர்கள் ஈஸ்மென்ட் ஆக்ட் என்று சொல்வது, அதன் 15ஆவது பிரிவில், யாருடைய அனுமதியும் கேட்காமல், வெளிப்படையாக, உரிமையோடு, இடைவிடாமல் 20 ஆண்டுகள் பயன்படுத்திய பாதைக்குப் பாதுகாப்பு தருகிறது. அந்த 20 ஆண்டுகள், வழக்குப் போடுவதற்கு முந்தைய 2 ஆண்டுகளுக்குள் முடிந்திருக்க வேண்டும் என்பதால், பாதையை அடைத்த பிறகு 'பேசிப் பார்ப்போம்' என்று ஆண்டுக்கணக்கில் காத்திருப்பது ஆபத்து. ஒரே சொத்து பாகமாகி ஒரு பங்குக்கு வேறு வழியே இல்லாமல் போனால், 13ஆவது பிரிவு தனியாக உதவுகிறது. இவற்றை நிரூபிக்க மின்கட்டண ரசீது, பழைய புகைப்படம், அக்கம்பக்கத்தார் சாட்சி ஆகியவைதான் வேண்டும்; இணையதளம் அல்ல.

என் மதிப்பீட்டில், எல்லையை அறிய வருவாய்த் துறைத் தளம் நல்ல தொடக்கம். பாதை உரிமைக்குப் பதிவுத் துறைத் தளத்துக்கே முதலில் போக வேண்டும். நகலுக்குக் கொடுக்கும் பணம் வீணாகாது. நகலை முன்வீட்டுக்காரரிடம் கொடுத்தோம். வரி வரியாகப் படித்துவிட்டு, தன் வழக்கறிஞரிடம் காட்டிய பிறகு கேட்டைப் பற்றிப் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். நாங்களும், சந்தின் அகலத்தை அடியிலும் மீட்டரிலும் குறித்த ஒரு வரைபடத்தில் இரு வீட்டாரும் கையெழுத்திட்டு, அதை ஓர் ஒப்பந்தமாகப் பதிவு செய்துகொள்ளலாம் என்று கேட்டிருக்கிறோம்.