வெண்டைப் பாத்தியில் முளைத்த களை: ஒரு தாவர அடையாளச் செயலியின் மதிப்புரை

கைப்பேசியில் படமெடுத்துக் கொடுத்தால் செடியின் பெயரைச் சொல்லும் செயலிகளுள் ஒன்றை, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் உள்ள எங்கள் வீட்டுத் தோட்டத்தில் இக்கோடை முழுவதும் பயன்படுத்தினேன். சந்தா கட்டாமலே பெயர் கிடைக்கிறது. ஆனால் இணைய இணைப்பு எப்போதும் வேண்டும். மின்வெட்டு வந்தால் சிக்னலும் தடுமாறும் நம் ஊரில் இது சிறிய குறையன்று.

செயலியின் தரத்தைச் சோதித்தது செம்பருத்திக் குடும்பத்துக் களை ஒன்று. வெண்டைப் பாத்தியில் தானாக முளைத்த அச்செடியின் பூவை மட்டும் காட்டியபோது, தயக்கமின்றி வெண்டை என்றது. வெளிர்மஞ்சள் இதழும் கருஞ்சிவப்பு நடுவும் இரண்டுக்கும் பொது என்பதால் அதை முழுக்கக் குறை சொல்வதற்கில்லை. வேறுபாடு பூ வாடிய பிறகே தெளிவாகிறது: வெண்டையின் புல்லிவட்டம் (இதழ்களுக்கு அடியில் உள்ள பச்சை உறை) ஒருபக்கமாகப் பிளந்து இதழ்களோடு உதிர்ந்துவிடும்; இக்களையிலோ அது உதிராமல் நின்று, காயைச் சுற்றி மெல்லிய சவ்வுப் பையாக உப்பிக்கொள்ளும்.

அந்தப் பையை மட்டும் படமெடுத்துக் கொடுத்தால் இதேபோன்ற பைக்குள் பழம் காய்க்கும் சொடக்குத் தக்காளி என்று விடை வருகிறது. கண்ணருகே வைத்துப் பார்ப்பவருக்கு இக்குழப்பம் நேராது. பையின் மேல் ஊதா நரம்புகள் நெடுக ஓடுகின்றன. அவற்றின் மீது விறைத்த மயிர்கள் நிற்கின்றன. அடியில் ஒடுங்கிய புறப்புல்லிகள், அதாவது புல்லிவட்டத்துக்கு வெளியே உள்ள சிற்றிலைகள், வட்டமாகச் சூழ்ந்துள்ளன. பிரித்தால் உள்ளே இருப்பது சாறுள்ள பழமன்று, முற்றியதும் ஐந்தாக வெடிக்கும் உலர்காய்.

பூ, பை, ஆழமாக மூன்று பிளவுபட்ட இலை ஆகிய மூன்றையும் ஒரே பதிவில் சேர்த்தபோதுதான் ஹிபிஸ்கஸ் ட்ரையோனம் என்னும் சரியான பெயர் முதலிடத்தில் வந்தது. இந்நாட்டு மக்காச்சோள வயல்களில் பரவலாகக் காணப்படும் இந்த ஓராண்டுக் களையைப் பூவோடு படமெடுக்க விரும்புபவர் காலையிலேயே செல்ல வேண்டும். விரிந்த சில மணி நேரத்தில் பூ சுருங்கிவிடும்.

ஆக, செயலியிடம் அறிவு இருக்கிறது, கேட்கத்தான் தெரியவில்லை. “பூவைப் படமெடுக்கவும்” என்பதோடு நின்றுவிடாமல் புல்லிவட்டத்தையும் இலையையும் கேட்டிருந்தால் முதல் இரண்டு தவறுகளும் நேர்ந்திரா. பெயரை உறுதிப்படுத்திக்கொள்ள ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் பதிவிடுவது மேல். அங்கே மற்றவர்களும் படத்தைப் பார்த்துத் தம் கருத்தைச் சொல்கிறார்கள். இச்செயலியின் கட்டணப் பதிப்பு கூடுதலாகத் தருவது நீர் ஊற்றும் நேரத்துக்கான நினைவூட்டலும் உர ஆலோசனையும்தான். களை பிடுங்குபவருக்கு அவற்றால் பயனில்லை.