நாமக்கல் கிங் பின் பட்டறை: என் பிக்கப்பின் ஸ்டியரிங் ஆட்டம் நின்ற இடம்

நான் முட்டை லோடு அடிப்பவன். நாமக்கல்லில் ஏற்றி தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் கடைகளில் இறக்குவேன். வாரத்துக்கு நான்கு நடை. வண்டி ஒன்றரை டன் பிக்கப். முன்பக்கமும் கமான்பட்டைதான் (அடுக்குப் பட்டை ஸ்பிரிங்), இரண்டு சக்கரத்தையும் ஒரே ஆக்ஸில் தாங்கும் வகை. இந்த வகை வண்டி வைத்திருப்பவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். ஐந்து மாதம் என்னை நிம்மதியாகத் தூங்கவிடாத கோளாறை ஒரு சின்னப் பட்டறை அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துக் கொடுத்தது.

அறுபதுக்கு மேல் போகும்போது பாலத்து இணைப்பில் ஒரு சக்கரம் தட்டினால் போதும், ஸ்டியரிங் இடமும் வலமுமாகப் படபடவென்று அடிக்கத் தொடங்கும். பேலன்ஸ் இல்லாத டயர் தரும் லேசான நடுக்கம் இல்லை. முன்பக்கம் முழுவதும் உதறும், பானெட் குலுங்கும், பிடித்த கை மணிக்கட்டு வரை மரத்துப்போகும். முப்பதுக்கு இறங்கினால்தான் அடங்கும். ஓமலூர் தாண்டி ஒருமுறை ஆடியதில் பத்து அட்டை முட்டை போயிற்று. அட்டைக்கு 30 முட்டை, கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். ஆனால் கிருஷ்ணகிரியில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது தொப்பூர் இறக்கத்தில், பின்னால் லோடு லாரி நெருங்கி வர, ஸ்டியரிங் ஆடியதே, அதை மறக்க முடியவில்லை. பயத்தில் பிரேக்கை ஓங்கி மிதித்தேன், ஆட்டம் இன்னும் கூடியது. யாருக்காவது இப்படி ஆனால் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டு, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, வேகத்தைப் படிப்படியாகக் குறையுங்கள்.

இந்தப் பட்டறைக்கு முன்னால் மூன்று இடம் ஏறி இறங்கினேன். ஓரிடத்தில் முன் டயர் இரண்டையும் மாற்றச் சொன்னார்கள், 13,600 ரூபாய். இன்னோரிடத்தில் வீல் அலைன்மென்ட், பேலன்சிங். மூன்றாவது இடத்தில் ஸ்டியரிங் பாக்ஸ் ஸ்குரூவை இறுக்கிவிட்டார்கள். ஆட்டம் போகவில்லை, ஸ்டியரிங் கனமானதுதான் மிச்சம். ஒவ்வொரு இடத்திலும் நானே முந்திக்கொண்டு, "கிங் பின் எட்டு மாதம் முன்னால்தான் மாத்தினேன்" என்று சொல்லிவிடுவேன். முன் சக்கரம் இடமும் வலமும் திரும்ப அச்சாக நிற்கும் இரும்பு முளைதான் கிங் பின். நான் சொன்னதைக் கேட்டதும் அந்தப் பக்கமே யாரும் போகவில்லை.

ஒரு லாரி டிரைவர் சொல்லித்தான் இந்தப் பட்டறைக்குப் போனேன். சேலம் ரோட்டில் ஒரு தகரக் கொட்டகை, பெயர்ப் பலகை கிடையாது. சுற்றுவட்டத்தில் "கிங் பின் பட்டறை" என்று கேட்டால் கை காட்டுவார்கள். நடத்துபவர் அறுபது வயது மேஸ்திரி. வண்டியைத் தொடுவதற்கு முன்னால் அவர் கேட்ட கேள்வியே எனக்குப் புதிது. "தம்பி, அந்த வேகம் வந்தாலே ஆடுதா, இல்ல ஏதாவது தட்டினாத்தான் ஆடுதா?" தட்டினால்தான் என்றேன். "அப்ப டயரை விடுங்க. எங்கயோ லூசு இருக்குது" என்றார்.

கிங் பின் புதுசு என்று அவரிடமும் சொன்னேன். "இருக்கட்டுங்க, பார்த்துருவோம்" என்று ஜாக்கி போட்டு இடது சக்கரத்தைத் தூக்கினார். மேலே ஒரு கை, கீழே ஒரு கை வைத்துச் சக்கரத்தை உள்ளேயும் வெளியேயும் ஆட்டினார். டொக் டொக் என்று ஆட்டம் இருந்தது. என்னை ஏறி பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொன்னார். மறுபடி ஆட்டினார், அதே டொக். என்னைக் கீழே இறக்கி, என் கையையே வைத்துப் பார்க்கச் சொல்லி விளக்கினார். பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங், பிடித்த பிறகும் ஆடினால் கிங் பின். இவ்வளவு எளிய சோதனையை இத்தனை மாதத்தில் ஒருவரும் செய்யவில்லையே என்று மனசு வலித்தது.

அப்புறம் கிரீஸ் கன்னை எடுத்து, கிரீஸ் உள்ளே போகும் வாயான நிப்பிளில் அடித்தார். நல்ல கிங் பின்னில் புதுக் கிரீஸ் உள்ளே போய் ஓரத்தில் பிதுங்க வேண்டும். இடது கீழ் நிப்பிளில் ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை. கழற்றியதும் காரணம் கண்ணில் பட்டது. எட்டு மாதம் முன்னால் வேறோரிடத்தில் புஷ் (பின்னைச் சுற்றி இருக்கும் குழல் போன்ற உறை) அடித்தபோது, புஷ்ஷில் இருக்கும் கிரீஸ் ஓட்டையை நிப்பிள் ஓட்டைக்கு நேராக வைக்காமல் தள்ளி அடித்திருக்கிறார்கள். மாதாமாதம் நான் அடித்த கிரீஸ் பின்னைத் தொடவே இல்லை. காய்ந்தே ஓடி, புஷ் ஒரு பக்கமாக நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தது. இரண்டு முன் சக்கரத்தையும் இணைக்கும் கம்பியின் முனை மூட்டான டை ராடு எண்டும் ஒன்று தளர்ந்திருந்தது. இரண்டு லூசும் சேர்ந்துதான், ஒரு சக்கரம் தட்டியதும் அந்த உதறல் இன்னொரு சக்கரத்துக்கும் போய்த் திரும்பித் திரும்பி வந்திருக்கிறது.

அவர் புஷ் போடும் விதத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஓட்டைக்கு நேராக சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டுதான் உள்ளே தள்ளுகிறார். மேல் புஷ், கீழ் புஷ் இரண்டையும் ரீமர் என்ற நீளமான ஒரே கடைசல் கருவியால் சேர்த்துக் கடைகிறார், இரண்டும் ஒரே நேரில் இருக்க வேண்டுமாம். பின்னை விட்டுப் பார்க்கிறார். கட்டை விரலால் அழுத்தினால் இறங்க வேண்டும், தானாக விழக் கூடாது. அந்த அளவு வரும் வரைக்கும் அவசரப்படவே இல்லை. வலது பக்கத்தையும் அதேபோல முடித்துவிட்டு, ஸ்டியரிங் பாக்ஸில் இறுக்கியிருந்த ஸ்குரூவைத் தளர்த்தி சரியான அளவுக்கு வைத்தார். கடைசியில் டோ-இன், அதாவது முன் சக்கரங்களின் முன் ஓரம் உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவை, அளந்து சரிசெய்தார்.

செலவு: இரண்டு பக்கக் கிங் பின் கிட் 2,400, டை ராடு எண்ட் 650, கூலி 2,800. மொத்தம் 5,850 ரூபாய். கழற்றிய பழைய புஷ்களைத் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தார்.

குறையும் உண்டு. ஒரு நாளைக்கு இரண்டு வண்டிக்கு மேல் எடுக்க மாட்டார், நான் காலை ஏழு மணிக்கு நிறுத்தி சாயங்காலம்தான் வண்டியை எடுத்தேன். உட்கார நிழல் போதாது. அச்சடித்த பில் இல்லை, தாளில் எழுதித் தருவார். கம்பெனி வண்டிக்காரர்களுக்கு இது சிரமம். பேலன்சிங் மெஷின் கிடையாது, அதற்கு வெளியே போக வேண்டும். போன் செய்தால் பாதி நேரம் எடுப்பதில்லை.

இப்போது இரண்டு மாதம் ஆகிறது. அதே பாலத்து இணைப்பில், முழு லோடோடு எழுபதில் போகிறேன். தட்டும், அடுத்த நொடி அடங்கிவிடும். திருப்பம் முடிந்ததும் ஸ்டியரிங் தானாக நேருக்கு வருகிறது. மேஸ்திரி சொன்னபடி பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஆக்ஸிலை ஜாக்கியில் தூக்கி, புதுக் கிரீஸ் வெளியே வரும் வரை நானே நின்று அடிக்கிறேன். போகிறவர்கள் ஏழு மணிக்கே போய் நிறுத்துங்கள், ஞாயிறு விடுமுறை.