மெட்டா பங்கு, 13 ஆண்டு: லாபம் நமக்கு, ஓட்டு அவருக்கு

2012 மே 18 அன்று 38 டாலர் விலையில் சந்தைக்கு வந்தது ஃபேஸ்புக் (இன்றைய மெட்டா) பங்கு. நாஸ்டாக் பங்குச் சந்தையின் கணினிக் கோளாறால் முதல் நாள் வர்த்தகமே அரை மணி நேரம் தாமதம். செப்டம்பருக்குள் 17.55 வரை இறங்கியது. ஐபிஓ என்னும் அந்த முதல் வெளியீட்டில் வாங்கியவர் போட்ட காசைத் திரும்பப் பார்க்க 2013 ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதே பங்கு 2025 ஆகஸ்டில் 790 டாலரைத் தொட்டது. டாலரில் இருபது மடங்கு. 2012-ல் 54 ரூபாய்ச் சொச்சமாக இருந்த டாலர் 2025 ஆகஸ்டில் 87 ஆகியிருந்ததால், ரூபாயில் கணக்குப் போடுகிறவருக்கு முப்பது மடங்குக்கும் மேல்.

அந்த முப்பது மடங்கையும் முழுதாகப் பார்த்தவர்கள் குறைவு. இந்தப் பங்கு விழும் விதம் அப்படி. கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி எச்சரிக்கை தராது. காலாண்டு முடிவு வந்த மறுநாள் ஒரே அடியாக விழும். 2018 ஜூலை 26 அன்று 19 சதவீதம். 2022 பிப்ரவரி 3 அன்று 26 சதவீதம். 230 பில்லியன் டாலருக்கு மேல் சந்தை மதிப்பு ஒரே நாளில் காலி. அமெரிக்கச் சந்தை அதுவரை கண்டிராத ஒருநாள் இழப்பு அது. அதே ஆண்டு அக்டோபர் 27 அன்று இன்னொரு 24 சதவீதம். 2021 செப்டம்பரில் 384 டாலர், 2022 நவம்பரில் 88.

"ஸ்டாப் லாஸ் போட்டிருக்கிறேன், குறிப்பிட்ட விலைக்கு இறங்கினால் தானே விற்றுவிடும், பயமில்லை" என்பவர்கள் 2022 பிப்ரவரியைப் பார்க்க வேண்டும். 2-ம் தேதி முடிவு விலை 323 டாலர். 300-ல் ஸ்டாப் லாஸ் வைத்திருந்தவருக்கு 300 கிடைக்கவில்லை. மறுநாள் சந்தை திறந்ததே 245-க்கு அருகில். ஆர்டரும் அங்கேதான் நிறைவேறியது. விலைவரம்பு சேர்த்து ஸ்டாப்-லிமிட் போட்டவருக்கு விற்பனையே ஆகியிருக்காது. முடிவுகள் வெளியாவது அமெரிக்கச் சந்தை மூடிய பிறகு, நமக்குக் கோடையில் இரவு ஒன்றரை மணி, குளிர்காலத்தில் இரண்டரை. சந்தை மறுபடி திறக்க மாலை 7 அல்லது 8 ஆகிவிடும். அதற்குள் விலை வேறெங்கோ போயிருக்கும். ஆகவே இந்தப் பங்கில் பாதுகாப்பு என்பது எவ்வளவு வாங்குகிறோம் என்பதில் மட்டுமே இருக்கிறது.

எதற்கு விழுகிறது என்பதுதான் இன்னும் சுவாரசியம். நாளிதழ்த் தலைப்புகளைப் படிப்பவர்கள் அபராதத்தைக் கண்டு பயப்படுகிறார்கள். 8.7 கோடிப் பேர் வரை தகவல் ஓர் அரசியல் ஆலோசனை நிறுவனத்திடம் கைமாறிய கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரத்துக்காக 2019-ல் அமெரிக்க வணிக ஆணையம் 5 பில்லியன் டாலர் அபராதம் போட்டது. அந்தச் செய்தி கசிந்த அன்று பங்கு ஏறியது! அந்த ஆண்டு வருமானம் 70 பில்லியன், அபராதம் ஒரு மாத வசூலுக்கும் குறைவு. 2023 மே மாதம் அயர்லாந்து விதித்த 1.2 பில்லியன் யூரோ ஏறத்தாழ நான்கு நாள் வசூல். வாட்ஸாப்பின் 2021 தனியுரிமைக் கொள்கைக்காக நம் இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் போட்ட 213.14 கோடி ரூபாயோ, ஒன்றரை மணி நேர வசூல்.

அசைத்தது ஆப்பிள். 2021 ஏப்ரலில் வந்த ஐபோன் மென்பொருள் ஐஓஎஸ் 14.5, "இந்தச் செயலி உங்களைப் பின்தொடரலாமா?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டது. பெரும்பாலோர் வேண்டாம் என்றார்கள். யாருக்கு எந்த விளம்பரம் பலித்தது என்ற தடம் அறுந்தது. 2022-ல் இதனால் சுமார் 10 பில்லியன் டாலர் வருமானம் போகும் என்று மெட்டாவின் நிதி அதிகாரியே சொன்னார். அந்த ஆண்டு மொத்த வருமானம் 117.9 பில்லியனிலிருந்து 116.6-க்கு இறங்கியது, நிறுவன வரலாற்றில் முதல் முறை. அரசுகள் ஆண்டுக்கணக்கில் செய்ய முடியாததை இன்னொரு நிறுவனத்தின் ஒரு பொத்தான் செய்தது. கண்ணாடிக்கும் மெய்நிகர் தலைக்கவசத்துக்கும் ரியாலிட்டி லேப்ஸ் பிரிவில் 2022-ல் 13.7, 2023-ல் 16.1, 2024-ல் 17.7 பில்லியன் என்று நஷ்டத்தைத் தாங்குவதற்குப் பெரிய காரணம் இதுதான் என்பேன். செயலி தன்னுடையது, கருவி அடுத்தவனுடையது என்ற நிலையை நிறுவனர் ஸக்கர்பர்க் மாற்றப் பார்க்கிறார்.

மேலே ஆப்பிளிடம் அடங்கும் இந்த நிறுவனம் கீழே யாரிடமும் அடங்குவதில்லை. 2023 கடைசிக் காலாண்டில் ஒரு ஃபேஸ்புக் பயனரால் கிடைத்த சராசரி வருமானம் அமெரிக்கா, கனடாவில் 68.44 டாலர், ஆசிய-பசிபிக் பகுதியில் 5.52. அதற்குப் பிறகு வட்டாரவாரியாக இந்தக் கணக்கைச் சொல்வதையே நிறுத்திவிட்டார்கள். ஒஹாயோக்காரரில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் சேலத்துக்காரர். தமிழிலும் சிங்களத்திலும் பர்மியத்திலும் வரும் வெறுப்புப் பதிவுகளைக் கண்காணிக்கும் செலவு எந்த விகிதத்தில் நடக்கும் என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம். 2018 மார்ச்சில் கண்டி மாவட்டம் திகனவில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறை பரவியபோது, இலங்கை அரசு ஃபேஸ்புக்கையும் வாட்ஸாப்பையும் முடக்க வேண்டியதாயிற்று. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது 2020 மே மாதம். மியன்மாரில் வன்முறைத் தூண்டலைத் தடுக்கப் போதுமானதைச் செய்யவில்லை என்று 2018 நவம்பரில் ஒப்புக்கொண்டது. பங்கு விலை வரைபடத்தில் இந்த இரண்டுக்கும் தடயம் தேடினால் கிடைக்காது. 2018 ஜூலையில் அது 19 சதவீதம் விழுந்தது ஏன் தெரியுமா? வருமான வளர்ச்சி குறையும், பாதுகாப்பு உள்ளிட்ட செலவுகள் கூடும் என்று சொன்னதற்காக.

கனடா, செய்திக்குக் காசு கொடு என்று சட்டம் போட்டபோது 2023 ஆகஸ்டில் அந்த நாட்டுப் பயனர்களுக்குச் செய்தியையே அடைத்தார்கள், காட்டுத்தீ எரிந்துகொண்டிருந்த நேரத்தில். அதிகாரம் அதிகமா என்று இதற்குப் பிறகும் கேட்க வேண்டியதில்லை. அதிகம்தான். பங்கின் விலை உயரமாக நிற்பதே அதனால்தான். வாங்குகிறவர் அந்த அதிகாரம் வெட்டப்படாது என்று பந்தயம் கட்டுகிறார், வேறொன்றுமில்லை.

பந்தயம் இதுவரை ஜெயித்திருக்கிறது. இன்ஸ்டாகிராமையும் வாட்ஸாப்பையும் பிரித்துவிட வேண்டும் என்று 2020-ல் தொடங்கிய அமெரிக்க வழக்கு 2025 நவம்பர் 18 அன்று மெட்டாவுக்குச் சாதகமாகத் தீர்ப்பானது. டிக்டாக்கும் போட்டியாளர்தான் என்பது நீதிபதியின் பார்வை. அந்த டிக்டாக்கை இந்தியா 2020 ஜூன் 29 அன்று தடை செய்ய, ஜூலையிலேயே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இங்கே வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டது. இந்தியா உண்மையாகவே கடிவாளம் போட்டது ஒருமுறை: 2016 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஆணையமான டிராய், தளத்துக்குத் தளம் வேறுபடும் இணையக் கட்டணத்தைத் தடுத்து, சில தளங்களை மட்டும் இலவசமாகத் தந்த ஃபேஸ்புக்கின் 'ஃப்ரீ பேசிக்ஸ்' திட்டத்தை முடித்துவைத்தது. அபராதம் போடவில்லை, வழியை அடைத்தது.

இன்னொரு ஆபத்து வருமானத்துக்குள்ளேயே இருக்கிறது. 2024 வருமானத்தில் சுமார் 10 சதவீதம், அதாவது 16 பில்லியன் டாலர், மோசடி விளம்பரங்களிலிருந்தும் தடைசெய்யப்பட்ட பொருள் விளம்பரங்களிலிருந்தும் வரும் என்று உள் ஆவணங்கள் மதிப்பிட்டதாக 2025 நவம்பரில் ராய்ட்டர்ஸ் எழுதியது. அது தோராயமான, அளவுக்கு மீறிய கணக்கு என்பது நிறுவனத்தின் பதில். பிரபல முகங்களைப் போட்டு வாட்ஸாப் குழுவுக்கு இழுக்கும் 'பங்குச் சந்தை டிப்ஸ்' விளம்பரங்களை நாம் தினமும் பார்க்கிறோம். மெட்டா பங்கு வாங்க வழி சொல்கிறேன் என்று ஃபேஸ்புக்கிலேயே விளம்பரம் வந்தால் அதைத் தொடாமல் இருப்பது உத்தமம்.

பங்குதாரர் இதையெல்லாம் தட்டிக் கேட்கலாமே என்றால், முடியாது. சந்தையில் நாம் வாங்குவது 'ஏ' வகை, ஒரு பங்குக்கு ஒரு ஓட்டு. ஸக்கர்பர்க் கையில் இருப்பது 'பி' வகை, பத்து ஓட்டு. நிறுவனத்தில் அவர் பங்கு 13 சதவீதம் போல, ஓட்டு 61 சதவீதம் போல. எல்லாருக்கும் ஒரே ஓட்டு என்ற தீர்மானம் ஆண்டுக் கூட்டத்தில் திரும்பத் திரும்ப வந்து தோற்கும். 2022 நவம்பரில் 11,000 பேரை நீக்கிச் செலவைக் குறைத்தது அவருக்கே தோன்றியதால். தோன்றாமல் போயிருந்தால் 88 டாலருக்குக் கீழும் கேட்பாரில்லை. விலை உச்சத்தில் இருந்த 2021-ல் 44 பில்லியன் டாலருக்குச் சொந்தப் பங்கைத் திரும்ப வாங்கினார்கள். அதற்கும் அவர்தான் பொறுப்பு.

மற்ற நிறுவனங்கள் இதைவிட மோசம். ஸ்னாப்சாட் செயலியின் ஸ்னாப் 2017-ல் 17 டாலருக்கு வந்தது, ஓட்டே கிடையாது. 2021-ல் 80-ஐத் தாண்டி, பிறகு ஐபிஓ விலையில் பாதிக்குப் போனது. ட்விட்டரை முதல் நாள் முடிவு விலையான 44.90-ல் வாங்கியவருக்கு ஒன்பது ஆண்டு கழித்து 54.20 கிடைத்தது. வங்கி வைப்பே மேல். 'சமூக ஊடகம் வளர்கிறது' என்று பொத்தாம் பொதுவாக வாங்குவது அதனால்தான் தப்பு.

காலாண்டு அறிக்கையில் நேராக நான்கு வரிக்குப் போங்கள்: விளம்பர எண்ணிக்கை வளர்ச்சி, விளம்பரம் ஒன்றின் சராசரி விலை, ரியாலிட்டி லேப்ஸ் நஷ்டம், மூலதனச் செலவு. இப்போது உறுத்துவது கடைசி வரி. 2024-ல் 39 பில்லியன், 2025-ல் 70-ஐத் தாண்டியது. பெரும்பகுதி செயற்கை நுண்ணறிவுக்கான சர்வர்களும் கட்டடங்களும். கூடவே சர்வர்களின் ஆயுளை 2025 ஜனவரி முதல் ஐந்தரை ஆண்டு என்று நீட்டியதால் அந்த ஆண்டின் தேய்மானம் சுமார் 2.9 பில்லியன் குறைந்தது. பெட்டி மாறவில்லை, லாபம் மட்டும் கூடியது. பங்கைத் திரும்ப வாங்கும் தொகையையும் அப்படியே நம்ப வேண்டாம். 2024-ல் சுமார் 30 பில்லியனுக்கு வாங்கினார்கள். ஊழியர்களுக்குப் பங்காகக் கொடுத்த சம்பளமே 16 பில்லியனுக்கு மேல், வாங்கியதில் பாதி அதை ஈடுகட்டவே சரி.

இந்தியாவிலிருந்து வைத்திருப்பவருக்கு இடறும் இடங்கள் வேறு. பணம் அனுப்ப வங்கியில் ஏ2 படிவம், நோக்கக் குறியீடு எஸ்0001. ஆண்டு வரம்பு இரண்டரை லட்சம் டாலர். 2025 ஏப்ரல் முதல் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் அனுப்பினால் மிகுதிக்கு 20 சதவீதம் டிசிஎஸ் என்ற முன்வரி பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், ஆனால் அதுவரை பணம் முடங்கும். கமிஷன் பூஜ்யம் என்று சொல்லும் இடங்களில் காசு போவது டாலர் மாற்று விலையில்தான், அதை முன்கூட்டியே கேளுங்கள். அனுப்பிய பணத்தைப் பங்கில் போடாமல் 180 நாளுக்கு மேல் அங்கேயே விட்டுவைக்கக் கூடாது.

ஈவுத்தொகை 2024-ல்தான் தொடங்கியது, காலாண்டுக்கு 50 சென்ட். அமெரிக்கர் அல்ல என்று அறிவிக்கும் டபிள்யூ-8பென் படிவம் கொடுத்திருந்தால் அமெரிக்கா 25 சதவீதம் பிடிக்கும். கையெழுத்திட்ட ஆண்டுக்குப் பிறகு மூன்றாவது ஆண்டு முடிவில் அது காலாவதியாகும். புதுப்பிக்க மறந்தால் 30 சதவீதம் போகும். 24 மாதத்துக்கு மேல் வைத்து விற்றால் 12.5 சதவீத வரி, இந்தியப் பங்குகளுக்கு உள்ள ஒன்றேகால் லட்ச விலக்கு இதற்குக் கிடையாது. ஐடிஆர்-1 போடவே கூடாது. வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் ஏப்ரல்-மார்ச் கணக்கு இல்லை, ஜனவரி-டிசம்பர். இங்கேதான் அதிகம் பேர் தவறுகிறார்கள். விட்டால் கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கலாம். 20 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு 2024 அக்டோபர் முதல் அபராதத்திலிருந்து விலக்கு உண்டு, காட்டும் கடமை அப்படியே இருக்கிறது.

யாரும் பேசாத ஒன்று: வைத்திருப்பவர் இறந்தால், அமெரிக்கச் சொத்து 60,000 டாலருக்கு மேல் இருப்பின் அங்கே வாரிசு வரி உண்டு, 40 சதவீதம் வரை. இந்தியாவுடன் இதற்கு ஒப்பந்தம் இல்லை. மற்ற அமெரிக்கப் பங்குகளையும் சேர்த்தே இந்த 60,000.

வாங்குவதற்கு முன் ஏற்கெனவே கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். நாஸ்டாக் 100, எஸ் அண்ட் பி 500 ஃபண்டு எதை வைத்திருந்தாலும் அதற்குள் மெட்டா பெரிய பங்காக இருக்கிறது. இங்கே பட்டியலிட்ட நாஸ்டாக் இடிஎஃப் வாங்குவதானால் அன்றைய ஐஎன்ஏவி-யோடு, அதாவது உள்ளே இருக்கும் பங்குகளின் அப்போதைய மதிப்போடு, விலையை ஒப்பிடுங்கள். வெளிநாட்டு முதலீட்டு வரம்பு நிரம்பியதால் புது யூனிட்டுகள் சுலபமாக வருவதில்லை, உள்ளே இருக்கும் மதிப்பைவிட 10 சதவீதத்துக்கும் மேல் கூடுதல் விலைக்கு விற்ற நாட்கள் உண்டு. தனியாக மெட்டா வாங்கியே தீர வேண்டும் என்பவர்கள், முக்கால் பங்கு கரைந்தாலும் வீட்டு வரவுசெலவு அசையாத தொகைக்குள் நிறுத்திக்கொள்ளட்டும். என் அளவில் அது மொத்த முதலீட்டில் 5 சதவீதம், ஃபண்டுக்குள் இருக்கும் மெட்டாவையும் சேர்த்து.