தட்டில் என்ன இருக்கிறது என்று ஒரு நாள் போய்ப் பாருங்கள்

என் மகள் தரம் 3 இல் படிக்கிறாள். திருகோணமலையிலிருந்து நிலாவெளிப் பக்கம் போகும் வழியில் உள்ள ஒரு சின்ன அரசாங்கப் பள்ளிக்கூடம். அங்கே காலையில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் சாப்பாட்டைப் பற்றித்தான் எழுதுகிறேன். கடற்கரையில் புதிதாக ஒரு கொத்துக் கடை திறந்தால் அன்றைக்கே பத்துப் பேர் எழுதிவிடுகிறார்கள். வாரத்தில் ஐந்து நாளும் நம் பிள்ளைகள் சாப்பிடுகிற சாப்பாட்டைப் பற்றி ஒருவரும் எழுதிப் பார்த்ததில்லை.

2024 மார்ச்சிலிருந்து அரசாங்கப் பள்ளிக்கூடங்களில் தரம் 1 முதல் 5 வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இந்தச் சாப்பாடு உண்டு. அதற்கு முன் எல்லாப் பள்ளிக்கூடங்களுக்கும் கிடைக்கவில்லை. அப்படியிருந்தும் ஒரு வருடத்துக்கு மேலாக நான் மகளைச் சாப்பிட விடவில்லை. காலையில் பாணும் சம்பலும் கட்டிக் கொடுத்து, "வீட்டுச் சாப்பாடுதான் சாப்பிடுவாள்" என்று ரீச்சரிடம் சொல்லி வைத்திருந்தேன்.

காரணம் என் அம்மா. 2006 இல் போர் காரணமாகச் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்து, பல வருடம் முகாம்களில் தட்டும் கையுமாக வரிசையில் நின்றவர் அவர். "என்ர பேத்தி வரிசையில நிக்கக் கூடாது" என்றார். அதற்கு மேல் நான் என்ன பேச? எங்கள் ஒழுங்கையில் இன்னும் இரண்டு வீட்டிலும் இதே எண்ணம்தான் இருந்தது. இல்லாதவர்களுக்குக் கொடுக்கிற சாப்பாடு, நமக்கெதற்கு என்று.

பிறகு ஒரு நாள் மகளே சொன்னாள், "நாளைக்குப் பெட்டி கட்ட வேண்டாம் அம்மா. எல்லாரும் வட்டமா இருந்து சாப்பிடேக்க நான் மட்டும் தனியா இருக்கிறன்." அதைக் கேட்டு அன்றிரவு எனக்குச் சரியாக நித்திரை வரவில்லை. அடுத்த நாளே அதிபரைக் கேட்டேன். எந்தப் பெற்றாரும் எந்த நாளிலும் வந்து பார்க்கலாம், ருசியும் பார்க்கலாம் என்றார்.

நான் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. முதல் பாடம் முடிந்த கையோடு ஓட்டோவில் சட்டிகள் வந்து இறங்கின. சமைக்கிறவர் தரம் 4 இல் படிக்கும் ஒரு பிள்ளையின் தாய். இன்னொரு அக்காவோடு சேர்ந்து விடிய நாலு மணிக்கே அடுப்பு மூட்டிவிடுவாராம். சிவப்பரிசிச் சோறு, பருப்பு, சூடை மீன் குழம்பு, முருங்கையிலை வறை. ரீச்சர் முதலில் ஒரு கரண்டி எடுத்துச் சாப்பிட்டுப் பார்த்துக் கொப்பியில் கையெழுத்து வைத்தார். அதற்குப் பிறகுதான் பிள்ளைகளுக்குப் பரிமாறினார்கள்.

அந்த வறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இலையில் ஒரு ஈர்க்குக்கூட இல்லை. சின்ன வெங்காயமும் தேங்காய்ப்பூவும் போட்டுப் பிரட்டி, அடுப்பால் இறக்கிய பிறகுதான் தேசிக்காய் பிழிந்திருந்தார். கீரையில் இருக்கிற இரும்புச்சத்து உடம்பில் சேர இந்தப் புளிப்பு உதவும். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் அதுவே சேராமல் தடுக்கும். பாணைத் தின்ன வைத்து பிளேன்ரீயையும் குடிக்க வைத்து அனுப்பிக்கொண்டிருந்த எனக்கு அது சுருக்கென்றது. வீட்டில் கீரையைக் கண்டாலே முகத்தைத் திருப்புகிற என் மகள், பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துப் பார்த்துச் சோற்றோடு உருட்டி விழுங்கினாள். அவளுக்கு எதிரே இருந்த பையன் தலை நிமிராமல் சாப்பிட்டான். இரண்டாவது முறை சோறு கேட்டபோதுதான் நிமிர்ந்தான். வெறும் தேத்தண்ணியோடு வந்திருக்கிறான் என்று ரீச்சர் பிறகு மெதுவாகச் சொன்னார்.

குறைகளும் உண்டு, மறைக்கவில்லை. பயறு கொடுக்கிற நாளில் ஒரு தடவை நன்றாக அவியாமல் வந்தது, சின்னப் பிள்ளைகள் அப்படியே வைத்துவிட்டார்கள். முதல் தவணை முழுக்க உப்புக் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. தட்டுக் கழுவ ஒரே ஒரு குழாய்தான் இருக்கிறது, அதனால் இரண்டாவது பாடம் பிந்தித்தான் தொடங்குகிறது. எல்லாவற்றையும் விடப் பெரிய குறை, சமைக்கிறவருக்குக் காசு நேரத்துக்கு வராதது. கடையில் கடன் சொல்லித்தான் அரிசி எடுக்கிறார். 2024 இல் ஒரு பிள்ளையின் சாப்பாட்டுக்கு 110 ரூபாய் என்று ஒதுக்கினார்கள். கன்டீனில் ஒரு ரோல்ஸ் வாங்கினால் அநேகமாக அந்தக் காசு முடிந்துவிடும். தேங்காய் 200 ரூபாயைத் தாண்டிய நாட்களில் அவர் அந்தக் காசுக்குள் மீனும் முட்டையும் எப்படிப் போட்டார் என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

வெளியில் நின்று குறை சொல்வதை விட்டுவிட்டு, நாங்கள் ஆறு தாய்மார் முறை வைத்துப் போகத் தொடங்கினோம். ஒரு நாளைக்கு இரண்டு பேர், ஒரு மணித்தியாலம். கீரை ஆய்வது, பரிமாறுவது, தட்டுக் கழுவும் இடத்தில் நிற்பது, அவ்வளவுதான். திருக்கடலூரில் தோணி வைத்திருக்கிற ஒரு தகப்பன் கரை விலைக்கே மீன் கொடுக்கிறார். உப்பைப் பற்றிச் சமைக்கிறவரிடம் நேரே சொன்னோம், அடுத்த நாளே குறைத்துவிட்டார். பயறை முதல் நாள் இரவே ஊறப்போட ஒரு பெரிய வாளி வாங்கிக் கொடுத்தோம். வெள்ளிக்கிழமை மச்சம் இல்லை, அதனால் விரதம் பிடிக்கிற வீட்டுக்காரர்கள் யோசிக்கத் தேவையில்லை. முட்டை நாளில் வகுப்பில் வராத பிள்ளையே இல்லை என்கிறார் ரீச்சர்.

சாப்பாட்டுக்கு என் மதிப்பெண் பத்துக்கு எட்டு. கழுவும் இடத்துக்கு மூன்றுக்கு மேல் போட மனம் வரவில்லை. இன்னும் இரண்டு குழாய் வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

உங்கள் பிள்ளை ஆரம்பப் பிரிவில் படித்தால், வேலைக்குப் போகும் வழியில் ஒரு நாள் அரை மணித்தியாலம் ஒதுக்கி உள்ளே போய் அந்தச் சோற்றை வாயில் வைத்துப் பாருங்கள். பிடிக்கவில்லையென்றால் அங்கேயே சொல்லுங்கள், கேட்பார்கள். பிள்ளையை மட்டும் தனியே இருத்தி வைக்காதீர்கள்.

போன வாரம் என் முறை வந்தது. விடியப்புறம் எழும்பிப் பார்த்தால் அம்மா முற்றத்து முருங்கையில் ஒரு கொப்பை முறித்துக் கட்டி வைத்திருந்தார். "எத்தனை பிள்ளையள் அங்க?" என்று கேட்டார். எண்பத்து மூன்று என்றேன். கட்டை ஒரு தரம் பார்த்தார். "இது காணாது பிள்ளை" என்று சொல்லிக்கொண்டே இன்னொரு கொப்பை முறிக்கப் போனார்.