காக்கர் ஸ்பானியல் நாய்க்குட்டி வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

குளிப்பாட்டி, பவுடர் போட்டு, வாசனை ஸ்பிரேயும் அடித்துத்தான் அந்த இங்கிலீஷ் காக்கர் குட்டியை எங்களிடம் கொடுத்தார் விற்றவர். தடுப்பூசி அட்டை இருந்தது. "தனிப் பராமரிப்பு எதுவும் வேண்டாம், காதை மட்டும் தினமும் பட்ஸ் விட்டுத் துடைங்க" என்றார். இரண்டுமே தப்பு.

வாசனை போனதும் காதிலிருந்து புளித்த வாடை வந்தது. குட்டி தலையை ஒருபக்கம் சாய்த்தபடி உதறிக்கொண்டே இருந்தது. மடலைத் தூக்கினால் உள்ளே கரும்பழுப்பு அழுக்கு, சுற்றிலும் சிவப்பு. டாக்டர் கருவி வைத்துப் பார்த்தார். துவாரம் வீங்கி, செவிப்பறையே தெரியவில்லை. ஈஸ்ட் என்ற பூஞ்சைத் தொற்று. நேற்று இன்று வந்ததில்லை, ரொம்ப நாளாகவே இருந்திருக்கிறது என்றார். அதாவது, விற்றவருக்குத் தெரியாமல் இருந்திருக்க வாய்ப்பே இல்லை.

நாயின் காதுக் குழாய் கீழே இறங்கி, 'ட' எழுத்து போல உள்ளே திரும்பும். பட்ஸ் விட்டால் அழுக்கு அந்த வளைவுக்குள்தான் போய் அடைக்கும். ஸ்பானியலுக்குக் காதும் நீளம், முடியும் அடர்த்தி. மூடிய காதுக்குள் காற்றே போகாது. டாக்டர் தரும் திரவத்தை ஊற்றி, காதின் அடியை வெளியிலிருந்து பிசைந்து, அது உதறித் தள்ளுவதை மட்டும் பஞ்சால் துடைக்க வேண்டும். குளித்தால் காதை ஈரமாக விடக் கூடாது. தண்ணீர்க் கிண்ணம் வாய் குறுகியதாக இருந்தால் மடல் நனையாது. காதுக்குப் பின்னாலும் அக்குளிலும் முடி சிக்குப் பிடிக்கும், அங்கே சீப்பு தவறாமல் போக வேண்டும்.

காது வைத்தியத்தில் சரியாகிவிடும். எனக்குப் பெரிய கோபம் வேறு ஒன்றில். தாய், தகப்பனுக்கு மரபணுச் சோதனை எடுத்தீர்களா என்று கேட்டதற்கு, "அதெல்லாம் எதுக்கு?" என்றார். இந்த இனத்தில் விழித்திரை மெல்ல அழிந்து பார்வை போகும் பரம்பரை நோய் உண்டு. முதலில் இருட்டில் கண் தெரியாது. இளம் வயதிலேயே கிட்னியைக் கெடுக்கும் இன்னொன்றும் உண்டு. இரண்டும் ஒடுங்கு மரபணுவால் வருபவை, அதாவது தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் அந்த மரபணு வந்தால்தான் நோய் வரும். பெற்றோர் இருவரும் அதைச் சுமந்தால், பார்க்க ஆரோக்கியமாகவே இருந்தாலும், ஒவ்வொரு குட்டிக்கும் 25 சதவீத ஆபத்து. இரண்டில் ஒன்றிடமாவது அந்த மரபணு இல்லை என்று சோதனையில் தெரிந்தால் குட்டிக்கு அந்த நோய் வராது. கன்னத்தின் உட்புறம் பஞ்சு வைத்துத் துடைத்து அனுப்புகிற சோதனைதான். அதைக்கூடச் செய்யாமல் இனப்பெருக்கம் செய்து விற்கிறார்கள்.

முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அந்தச் சோதனைத் தாளைக் கேளுங்கள். தாயை நேரில் காட்டச் சொல்லுங்கள், வெறும் படத்தை ஏற்காதீர்கள். எட்டு வாரம் ஆகாத குட்டியைத் தூக்கிக் கொடுத்தால் வாங்காதீர்கள். மடலைத் தூக்கி முகர்ந்தும் பாருங்கள்.

எங்கள் குட்டிக்கு அந்தச் சோதனையை நாங்களே எடுக்கக் கொடுத்திருக்கிறோம். விற்றவர் இன்றுவரை போனை எடுக்கவில்லை.