அரசு பஸ்ஸா, தனியார் பஸ்ஸா, எக்ஸெல்லா?

கன்னங்குறிச்சியிலிருந்து சேலம் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு ஆறு கிலோமீட்டர் போல இருக்கும். முன்பெல்லாம் எங்கள் தெருவே டவுன் பஸ்ஸில்தான் போய்வந்தது. இப்போது ஒரே வீட்டில் மனைவி அரசு பஸ், கணவன் டூவீலர். தனியார் பஸ்ஸில் ஏற ஆளைத் தேட வேண்டியிருக்கிறது.

2021 மே மாதம் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்றார்கள். எதிர்வீட்டு அக்கா செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைக்குப் போகிறவர். ஸ்டாப்பில் தனியார் பஸ் வந்து நிற்கும், கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு "ஏறுங்கக்கா, உட்கார இடமிருக்கு" என்பார். அக்கா அசையமாட்டார். பின்னால் வரும் பிங்க் நிற இலவச அரசு பஸ்ஸில் நசுங்கிக்கொண்டுதான் போவார். "மிச்சமாகிற காசுல மாசச் சீட்டு கட்டறேன், நின்னா என்ன?" ஆகவே பஸ்ஸில் கூட்டம் குறைந்துவிட்டது என்று யாராவது சொன்னால், எந்த பஸ்ஸில், யாருடைய கூட்டம் என்று கேட்க வேண்டும்.

தனியார் பஸ் மேல் எனக்குக் கொஞ்சம் பரிதாபம்தான். பாட்டு உண்டு, வேகம் உண்டு, கை காட்டினால் நிறுத்துவார்கள். ஆனால் இலவசப் பயணத்துக்கான தொகையை அரசு தன் போக்குவரத்துக் கழகத்துக்குத்தான் கொடுக்கிறது, இவர்களுக்கு இல்லை. அந்த நஷ்டத்தை வழியில் அஸ்தம்பட்டியில் ஐந்து நிமிடம் கூடுதலாக நிறுத்தி ஆள் பிடித்துச் சரிக்கட்டப் பார்க்கிறார்கள். உள்ளே இருப்பவன் வாட்சைப் பார்க்கிறான், மறுநாள் வண்டியை எடுக்கிறான்.

ஆண்கள் பஸ்ஸை விட்டதற்கு 2018 ஜனவரி கட்டண உயர்வைச் சொல்வார்கள். டவுன் பஸ்ஸில் 3 ரூபாயாக இருந்த குறைந்தபட்சக் கட்டணம் 5 ஆனது, கத்தல் கிளம்பியதும் கொஞ்சம் குறைத்தார்கள். என் கணக்கில் காசைவிடக் காத்திருப்புதான் பெரிய செலவு. டிவிஎஸ் எக்ஸெல் மொபெட் லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுக்கிறது, பெட்ரோல் 100 ரூபாய் என்று வைத்தால் போக வர 24 ரூபாய். பின்னால் ஒருவர் உட்கார்ந்தாலும் அதே 24தான். முன்னால் ஒரு மாம்பழக் கூடை, இல்லையென்றால் அரிசி மூட்டை. டியூ, டயர், சர்வீஸ், ஸ்டாண்டு காசு எல்லாம் சேர்த்தால் பஸ்தான் மலிவு என்பது எனக்கும் தெரியும். சரி, அதையெல்லாம் காலையில் எட்டரை மணிக்கு யார் கூட்டிப் பார்க்கிறார்கள்? 2020 ஊரடங்கில் பஸ் நின்றபோது செகண்ட் ஹேண்டில் வண்டி வாங்கியவர்களில் எனக்குத் தெரிந்து ஒருவர்கூட பஸ்ஸுக்குத் திரும்பவில்லை.

ஷேர் ஆட்டோவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆள் சேர்ந்தால் கிளம்பும், சேராவிட்டால் நீங்களும் டிரைவரும் அரசியல் பேசலாம்.

ஏற்காட்டுக்கு மட்டும் நான் பஸ் கட்சி. இருபது கொண்டை ஊசி வளைவு, மேலே பனி. எக்ஸெல்லில் இரண்டு பேர் ஏறினால் பின்னால் இருப்பவர் இறங்கித் தள்ள வேண்டிவரும். பஸ்ஸில் ஜன்னலோரம் பிடித்துவிட்டால் போதும், மலை தானாக வரும்.

கீழே நானும் எக்ஸெல்தான். மழை பிடித்துக்கொள்ளும் நாளில் மட்டும் வண்டியைக் கடை வாசலில் விட்டுவிட்டு பஸ்ஸுக்கு வருவேன். என்னைப் போலவே நனைந்த ஹெல்மெட்டோடு நாலைந்து பேர் நிற்பார்கள். எதிர்வீட்டு அக்கா அன்றைக்கு மட்டும் எப்படியோ சீட் பிடித்துவிடுவார். "ஹெல்மெட்டை மட்டும் கொடுங்க தம்பி, மடியில வச்சுக்கறேன்" என்பார்.